அக்காவின் வெள்ளைச் சேம்பு

பல்லுக்காரிக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான். அந்த வீட்டில் அவளுக்குக் கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது, சாவிக்கொத்தும் அவள் இடுப்பில்தான் இருந்தது. செத்துப்போன அக்காவின் புருஷன் இப்போது அவளுடைய புருஷன். முன்பும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டாள், கல்யாணத்துக்குப் பிறகும் அத்தான்தான். அந்த மட்டில் நாக்குக்கு வேலை மிச்சம். ஆனால் அக்காவின் மகள் பட்டாணி, அந்தப் பொல்லாத வாண்டு, அவளைச் சித்தி என்றே கூப்பிட்டாள். அக்கா உயிரோடு இருந்தபோது எந்தக் குரலில் கூப்பிட்டாளோ அதே குரலில், இரண்டு நாள் தங்க வந்த விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. ஒரே ஒரு தரம் அம்மா என்று சொல்லிவிட மாட்டாளா என்று பல்லுக்காரி ஏங்கிக் கிடந்தாள்.

பல்லுக்காரி என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலை. யார் யார் வாயோ பிளாஸ்டர் அச்சாக அவள் மேஜைக்கு வந்து சேரும். அந்த அச்சைப் பார்த்து மெழுகில் பல்லை வரிசையாக அடுக்க வேண்டும். நாளெல்லாம் பிளாஸ்டர் தூளில் புழங்கிப் புழங்கி உள்ளங்கை இரண்டும் வறண்டு வெடித்திருக்கும். ஊருக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுக்கிறவள் வீட்டில் சிரிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தாள், வேறென்ன சொல்ல.

அந்த வீட்டின் இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். பின்னால் ஒரு துண்டு நிலம், நடுவில் யாரும் நடாமல் தானாக வளர்ந்த பெரிய மரம். வெயில் அங்கே எட்டிப் பார்க்கும், தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் மாதிரி உடனே திரும்பிவிடும். அக்கா வாழ வந்தபோது அங்கே பாசியும் உடைந்த குழாயும்தான் கிடந்தன. வெயிலே படாத இடத்தில் என்ன வரும் என்று எல்லாரும் கையை விரித்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்தின் டிக்கெட் கவுண்ட்டரில் பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருகிறவள், முகம்கூடக் கழுவாமல் நேரே பின்பக்கம் போய்விடுவாள். சுவரோரம் பெரணி, மரத்தடியில் பெகோனியா, அதற்கப்பால் காட்டு இஞ்சி. பட்டப்பகலிலும் இருட்டு குடியிருக்கிற கோடி மூலையில் மட்டும் வெள்ளை இலைச் சேம்பு. இருட்டு மூலைக்கு வெள்ளை இலைதான் விளக்கு என்பாள். அது உண்மைதான். சாயங்காலம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த மூலையில் பத்துப் பதினைந்து வெளுத்த முகங்கள் நிற்பதுபோல இருக்கும்.

ஒருமுறை நட்டால் வருஷா வருஷம் தானே வருகிற செடிகளாகப் பார்த்துத்தான் அவள் நட்டாள். கடும் வெயில் காலம் தொடங்கினால் சேம்பு இலை மஞ்சளாகும், தலை சாயும், மண்ணோடு மண்ணாகிவிடும். மேலே பார்த்தால் வெறும் தரை. கிழங்கு மட்டும் உள்ளே கிடந்து, முதல் மழைக்கு முளைவிடும். அந்த வெறும் தரையைப் பட்டாணி குச்சியால் கிளறப் போனால் அக்கா கையைத் தட்டிவிடுவாள். "தூங்குது. தோண்டிப் பாக்காதே."

அப்படி ஒரு வெயில் காலத்தில்தான் அக்கா போனாள். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், ஒரு வாரத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. அவள் சாம்பலில் ஒரு பிடியை அத்தான் கோடி மூலையில், சேம்புக் கிழங்குகளின்மேல் போட்டு மண்ணை மூடினார். அவளுக்குப் பிடித்த இடம் என்ற நினைப்பில் செய்தது. மூடி நிமிர்ந்தபோது பின்னால் நாலு வயதுப் பட்டாணி நின்றுகொண்டிருந்தாள். "யாருப்பா அங்க?" என்று கேட்டாள்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் வானத்துக்குப் போய்விட்டாள், நட்சத்திரமாகிவிட்டாள் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அத்தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மேலே போனது கீழே வந்தாக வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த உலகம். அவர் வாயில் அந்த நேரத்தில் வந்தது அந்த வீட்டுப் பேச்சு. "அம்மா தூங்குறாடா. மழை வந்தா எழுந்துடுவா." பாவி மனுஷன். அந்தக் குழந்தைக்கு அதைவிடப் புரிகிற மாதிரி வேறெதையும் சொல்லியிருக்க முடியாது, அதுதான் தப்பாகப் போயிற்று.

பல்லுக்காரி கல்யாணமாகி அங்கே வந்தபோது அக்கா போய்ச் சில மாதம் ஆகியிருந்தது, மழையும் பிடித்திருந்தது. பட்டாணி பள்ளி விட்டு வந்ததும் பையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோடி மூலைக்கு ஓடுவாள். வெள்ளை இலைகளுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து அன்றைய கதையை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். டீச்சர் திட்டியது, பக்கத்துச் சீட்டுக்காரி பென்சிலைக் கடித்தது எல்லாம். பல்லுக்காரி தட்டில் எதையாவது வைத்துக்கொண்டு பின்வாசலில் நிற்பாள். "சித்தி, அங்கேயே வச்சிடுங்க" என்பாள் பட்டாணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பிறகு வெயில் காலம் வந்தது. இலைகள் சாய்ந்தன, மூலை வெறும் தரையானது. பேச ஆளில்லாத பட்டாணி கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்தாள். முதலில் சமையலறை வாசல்படிக்கு, பிறகு மேஜையடிக்கு, பிறகு பல்லுக்காரியின் மடிக்கு. பட்டறையிலிருந்து வீணாய்ப்போன மெழுகைக் கொண்டுவந்து கொடுத்தால் அதில் பூனைக்குப் பல் செய்வாள். தலை பின்னிவிடும்போது ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் "வலிக்குதும்..." என்று தொடங்கி, விழித்துக்கொண்டு, "வலிக்குது சித்தி" என்று முடித்தாள். பல்லுக்காரிக்கு அந்தப் பாதி வார்த்தை ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது. வேலையில் தானாகச் சிரித்துக்கொண்டாள்.

முதல் மழை பெய்த மூன்றாம் நாள் மூலையில் வெள்ளை தெரிந்தது. பட்டாணி மடியிலிருந்து இறங்கி ஓடினாள். அன்றிலிருந்து மறுபடி "அங்கேயே வச்சிடுங்க."

செடியின்மேல் பொறாமைப்பட்டேன் என்று வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் பல்லுக்காரி பட்டது பொறாமைதான், அதை மூடி மறைப்பானேன். அடுத்த வெயில் காலம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வந்தது. இலைகள் சாய்ந்து தரை காய்ந்ததும், அத்தான் வேலைக்கும் பட்டாணி பள்ளிக்கும் போயிருந்த ஒரு பகலில், லீவு போட்டுவிட்டு மண்வெட்டியோடு இறங்கினாள். கிழங்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவளுக்கு என்ன தெரியும்? கண்ட இடத்தில் வெட்டினாள். வெட்டு பட்ட கிழங்குகள் பால் வெள்ளையாக மின்னின. கையால் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். சேம்புக் கிழங்கின் அரிப்பு இருக்கிறதே, வெடித்த கையில் அது நெருப்பு. ஒரு சின்னச் சீவல் உள்ளங்கை வெடிப்புக்குள் ஏறிவிட்டது. ஊசியால் கிளறியும் வரவில்லை.

பின்பக்கத்துச் சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். அக்கா கொடுத்த செடிகளைத் தன் பக்கத்திலும் வளர்க்கிறவர். பிறத்தியார் தோட்டத்தில் மூக்கை நுழைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"என்னம்மா, பிரிச்சு நடுறீங்களா?"

"இல்லைங்க. எடுத்துப் போடுறேன். வேற வைக்கலாம்னு."

"மண்வெட்டியாலயா? அது தப்பாச்சே. வெட்டுற ஒவ்வொரு துண்டுலயும் ஒரு முளை இருந்தாப் போதும், அது தனிச் செடியா வரும். ஒண்ணு இருந்த இடத்துல பத்து வரும்."

"எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்."

"யாராலயும் எல்லாத்தையும் பொறுக்க முடியாதும்மா." அவர் சாக்கை எட்டிப் பார்த்தார். "உங்க அக்கா ஒண்ணு சொல்லுவாங்க. நமக்கெல்லாம் தெரியும், சின்னப் பசங்ககிட்டதான் சொல்றதில்ல. எல்லாமே எழுந்துக்காதுன்னு. சிலது உள்ளயே அழுகிடும். ஆனா அதுவும் வீண் இல்லையாம். எழுந்துக்காதது, பக்கத்துல எழுந்துக்கிறதுக்கு உரமாயிடுமாம்."

சாக்கைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் பல்லுக்காரி உள்ளே போனாள். சாயங்காலம் அத்தான் கிளறிய மண்ணைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்காமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர். பட்டாணி மட்டும் மூலையில் நின்று, "யாரோ தோண்டிட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தூக்கிச் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

உள்ளங்கை வெடிப்பு அந்த வாரமே மூடிக்கொண்டது. பிளாஸ்டர் கையில் வெடிப்பு அப்படிச் சுவடில்லாமல் மூடி அவள் பார்த்ததே இல்லை. அழுத்தினால் உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் ஏதோ நெளிந்து கொடுத்தது. வலி இல்லாததால் விட்டுவிட்டாள்.

மழை வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் சொன்னபடியே ஆயிற்று. கோடி மூலையில் மட்டும் நின்ற வெள்ளை இப்போது மரத்தடியில், துணி துவைக்கும் கல்லோரம், சுவர் நெடுக எல்லாம் தலைகாட்டியது. ஒரு வரிசை நேரே பின்வாசலை நோக்கி வந்திருந்தது, கடைசிச் செடி வாசல்படியைத் தொட்டுக்கொண்டு. பல்லுக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். வயிறு எரிய வேண்டும், எரியவில்லை. குனிந்து, படியோரச் செடியின் அடியில் காய்ந்த இலைகளை அணைத்து வைத்தாள், ஈரம் காயாமல் இருக்க. அது யார் சொல்லிக் கொடுத்தது என்று பாத்திரம் கழுவும்போதுதான் யோசித்தாள்.

அதற்குப் பிறகு தெரு வெயில் கண்ணைக் குத்தத் தொடங்கியது. வேலைக்குப் போகும்போது நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்தாள். பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் சொக்கியது, எழுந்தால் வாயில் மண் வாசனை.

ஒருநாள் பட்டறை முதலாளி அவள் செய்த செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது? கோரைப்பல்லைக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பல்லு மேல சாய்ச்சு வச்சிருக்கே. அச்சுல அப்படி இல்லையே."

பார்த்தாள். இடது பக்கத்துக் கோரைப்பல், தோழிமேல் சாய்ந்து கிசுகிசுக்கிறவள் மாதிரி சாய்ந்திருந்தது. அந்தப் பல்லை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தப் பல்லைக் காட்டித்தான் அக்காவைக் கேலி செய்வாள். "கவனப்பிசகுங்க, மாத்திடுறேன்" என்று வாங்கிக்கொண்டாள். மாற்றினாள். முதலாளி மறுபடி கொண்டுவந்தார். "மறுபடியும் அதே பல்லு."

அன்று சாயங்காலம் அத்தான் களைத்து வந்து செருப்பைக் கழற்றினார். அக்கா இருந்த காலத்தில் அவர் வாசலில் நின்று, "மேடம், ஒரு டீ கிடைக்குமா?" என்பார். டிக்கெட் கவுண்ட்டர்க்காரிக்கு ஏற்ற கேலி. அவளும் விடமாட்டாள், "கவுண்ட்டர் மூடியாச்சு" என்பாள், சொல்லிக்கொண்டே டீ போடுவாள். பல்லுக்காரியை அவர் எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. "இங்க பாரு" என்பார், அத்தோடு சரி. அன்று என்ன நினைப்பில் இருந்தாரோ, பழக்க தோஷத்தில் வாய் தவறிவிட்டது.

"மேடம், ஒரு டீ கிடைக்குமா?"

"கவுண்ட்டர் மூடியாச்சு" என்றாள் பல்லுக்காரி, சமையலறையிலிருந்து.

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பல்லுக்காரி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"அத்தான், நான் அதைச் சொல்ல நினைக்கல. நான் சொல்லல அத்தான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பயந்தாரா என்றால் பயந்தார்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதைப் பார்த்ததும் பல்லுக்காரி கரண்டியோடு சமையலறைக்குள் திரும்பிவிட்டாள். மறுநாள் அவர் செருப்பைக் கழற்றியபடி வேண்டுமென்றே, மெதுவாக, "மேடம்..." என்றார். தலையைக் குனிந்துகொண்டு, பதிலுக்குக் காத்து நின்றார். இந்த மனுஷன் நம்மைக் காப்பாற்றப் போவதில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அன்று ராத்திரி முழுக்க ஒரே முடிவைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். அம்மா என்று கூப்பிட வேண்டாம். சித்தி என்றே கூப்பிடட்டும், சாகும்வரை கூப்பிடட்டும், விருந்தாளிக் குரலிலேயே கூப்பிடட்டும். சித்தியாக இருந்தால் போதும்.

மறுநாள் மத்தியானம் பட்டறையிலிருந்து பாதியில் வந்தாள். இந்த முறை ஒரு துண்டையும் விடக்கூடாது, மண்ணையே சலித்துவிட வேண்டும். சலிக்கத் தாம்பாளமும் சல்லடையும், தோண்ட ஒரு கொத்துக்கரண்டியும் எடுத்துக்கொண்டாள். கோடி மூலையில் வெள்ளை இலைகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. காற்றில்லை, ஆனாலும் அவள் உட்கார்ந்ததும் இலைகள் ஒதுங்கி இடம்விட்டன. கரண்டியை மண்ணில் குத்தினாள்.

கை தோண்டவில்லை. கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு விரலால் மண்ணை விலக்கியது. ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பி, முளை மேலே பார்க்கிறதா என்று தடவிப் பார்த்து, இரண்டு விரல் ஆழத்தில் பதமாக வைத்து மூடியது. அடுத்ததையும் அப்படியே செய்தது. அவள் கையை இழுத்துப் பார்த்தாள். இழுக்கிறோம் என்பது தலைக்குள் நடந்தது, கையில் நடக்கவில்லை. உள்ளங்கையில் அந்த மொச்சைக்கொட்டை இப்போது தட்டுப்படவேயில்லை. மண்ணை அமுக்கிவிட்டு, காய்ந்த இலையை மேலே போர்த்தி, கை தொடையில் துடைத்துக்கொண்டது. அக்கா அப்படித்தான் துடைப்பாள்.

பின்கதவு திறந்தது. பள்ளிப் பை விழும் சத்தம். ஓடி வந்த பட்டாணி பாதி வழியில் நின்றுவிட்டாள்.

பல்லுக்காரி திரும்பினாள். சித்தின்னு கூப்பிடுடி என் கண்ணு, ஒரு தரம் சித்தின்னு சொல்லு, நான் பிடிச்சுக்குவேன் என்று உள்ளே கதறினாள். வாய் திறக்கவில்லை. முகம் தானாகச் சிரித்தது.

பட்டாணி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். கிட்டே வந்து, அவள் மேலுதட்டை ஒரு விரலால் லேசாகத் தூக்கி, இடது பக்கத்துக் கோரைப்பல்லை உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா" என்றாள். "எழுந்துட்டியா."

இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. பல்லுக்காரியின் காதுக்கு அது மேலே எங்கிருந்தோ, மண் வழியாக வருவதுபோல வந்தது. குழந்தையின் தலையை யாரோ தடவிக்கொடுத்தார்கள். அது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்தது, முடியின் மென்மை மட்டும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பட்டாணி தலையைத் தூக்கி வீட்டுப் பக்கம் பார்த்தாள். நல்ல குழந்தை. மறக்கவில்லை.

"அம்மா, சித்தி எங்க?"

"தூங்குறா. தோண்டிப் பாக்காதே."

பட்டாணி தலையாட்டினாள். அந்த வீட்டில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போர்த்தியிருந்த காய்ந்த இலையைச் சின்னக் கையால் ஒருமுறை தட்டிச் சரிசெய்தாள்.

"மழை வந்தா எழுந்துடுவாளா?"

உள்ளே கிடந்தவள் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எல்லாமே எழுந்துக்காது, கண்ணு" என்றாள் அம்மா, பூவாளியை எடுத்துக்கொண்டு.